முள்ளம்பன்றி வீட்டு ஜன்னல்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி வீடு கட்டியது. வீடு கட்டியது தப்பில்லை. கட்டி முடித்த பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை. அதனால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், பிள்ளைகளே.

அந்த முள்ளம்பன்றியின் பெயர் வேலாண்டி. அதன் மனைவி அங்காயி. வேலாண்டிக்குப் பேச வரும், அங்காயிக்கு யோசிக்க வரும். இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்தி வந்தன.

குன்றின் அடிவாரத்தில், பாறைகளுக்கு நடுவே குடைந்த வீடு அது. வாசலுக்கு உருண்டைக் கல் ஒன்று கதவாக இருந்தது. உள்ளே ஓர் அறை முழுக்க வள்ளிக்கிழங்கும் பனங்கிழங்கும். கோடை வந்துவிட்டால் அந்தக் காட்டில் மண் கல்லாக இறுகிவிடும். தோண்டினால் நகம்தான் உடையும், கிழங்கு வராது. அந்தக் கோடையிலோ அங்காயிக்குக் குட்டி பிறக்க இருந்தது. நிறைமாத வயிற்றோடு காடு காடாக அலைய முடியுமா? அதனால்தான் மழை விட்டதிலிருந்து இரண்டும் மாங்கு மாங்கென்று உழைத்து அந்த அறையை நிரப்பியிருந்தன.

"ஏங்க, காத்துப் படலேன்னா கிழங்கு அழுகிப்போயிடும். இந்த அறைக்கு ஒரு ஜன்னல் வச்சுடுங்க" என்றது அங்காயி.

"ஜன்னலா? வைக்கிறேன் பாரு ஒரு ஜன்னல்! இந்தக் காடே வாயைப் பிளக்கணும்!" என்றது வேலாண்டி.

உண்மையிலேயே நல்ல ஜன்னல்தான். வேலாண்டி, தன் முதுகிலிருந்து உதிர்ந்த முட்களையெல்லாம் பொறுக்கி, நெருக்கமாக நட்டு, களிமண்ணால் பூசிக் கம்பிபோல ஆக்கியது. காற்று வரும், வெளிச்சம் வரும், ஒரு சுண்டுவிரல்கூட உள்ளே வராது. ஆனால் வெளியே தோண்டி எடுத்து வரும் கிழங்கை அப்படியே ஜன்னல் வழியாக உள்ளே தள்ள வேண்டுமே? அதற்காக ஓரத்து முள்ளை மட்டும் பூசாமல் விட்டது. பார்த்தால் மற்ற முட்களைப் போலத்தான் இருக்கும். அதை மேலே தூக்கினால் கம்பிக் கூடு முழுவதும் கதவுபோலத் திறந்துகொள்ளும். அந்த ஒரு முள்தான் ஜன்னலின் ரகசியம்.

சரி, வீடு முடிந்தது. புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டாமா? முள்ளம்பன்றி வீட்டில் பால் ஏது என்று கேட்காதீர்கள். பாலுக்குப் பதில் தேனைக் காய்ச்சின. காட்டில் இருந்த எல்லாருக்கும் அழைப்புப் போயிற்று. குரங்கு வந்தது, காட்டுக்கோழி வந்தது, மான் குடும்பம் வந்தது, மரநாயும் வந்தது.

குரங்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்ததும் பானையைக் கவிழ்த்தது, தோரணத்தைப் பிய்த்தது, திட்டு வாங்கியது, சிரித்தது. காட்டுக்கோழி காதில் விழுந்தது எதுவும் அன்றைக்கே காட்டைச் சுற்றிவிடும். மரநாய் மட்டும் அப்படியில்லை. ரொம்ப மரியாதை. வாசலிலேயே காலைத் துடைத்துக்கொண்டு, குனிந்தபடி உள்ளே வந்து, "அண்ணி, உடம்பு நல்லா இருக்கா? ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டது.

புது வீட்டுக்கு வந்தவர்களை அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கம்தானே. வேலாண்டியும் காட்டியது. வாசல் கல்லைக் காட்டியது, படுக்கும் இடத்தைக் காட்டியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இங்க வாங்க, இங்க வாங்க! முக்கியமானதே இங்கதான் இருக்கு!" என்று எல்லாரையும் கிழங்கு அறைக்கு இழுத்துப் போனது.

"இந்த ஜன்னலைத் திறங்க பார்ப்போம்!"

குரங்கு இழுத்தது, வரவில்லை. காட்டுக்கோழி கொத்தியது, மூக்கு வலித்ததுதான் மிச்சம்.

"முடியாது! எவனாலேயும் முடியாது! ஏன்னு கேளுங்க" என்றது வேலாண்டி.

யாரும் கேட்கவில்லை. அதற்காக வேலாண்டி விட்டுவிடுமா?

"இதோ, இந்த ஓரத்து முள் இருக்கே, இதை இப்படி மேலே தூக்கணும். தூக்கினா... பார்த்தீங்களா!"

ஜன்னல் அழகாகத் திறந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தேன் பானையருகே நின்ற அங்காயி இருமிக் காட்டியது. வேலாண்டிக்கு அந்த இருமல் கேட்கவில்லை, கைத்தட்டல்தான் கேட்டது.

மரநாய் மெல்ல முன்னால் வந்தது. "அண்ணே, எனக்கு மரமண்டை. சட்டுன்னு ஒண்ணும் புரியாது. எந்த முள்ளுன்னு சொன்னீங்க?"

"இது தம்பி, இது."

"தூக்கணுமா, இழுக்கணுமா?"

"தூக்கணும். எங்கே, நீயே தூக்கிப் பாரு!"

மரநாயின் கையைப் பிடித்து அந்த முள்ளின் மேல் வைத்து, எப்படித் தூக்க வேண்டும் என்று வேலாண்டியே சொல்லிக் கொடுத்தது. முதலில் வரவில்லை. பிறகு வந்தது.

"சபாஷ்! பழகிட்டே!" என்று முதுகில் தட்டிக் கொடுத்தது வேலாண்டி. கொடுமை என்றால் இதுதான் கொடுமை.

விருந்தினர் எல்லாரும் போன பிறகு அங்காயி கேட்டது. "ஏங்க, வீட்டைக் காட்டுறது சரி. ஜன்னலை எப்படித் திறக்கிறதுன்னு எதுக்குக் காட்டுறீங்க?"

"காட்டலேன்னா அது எவ்வளவு பெரிய வேலைப்பாடுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன ஆகணும்?"

"நாலு பேரு புருஷனைப் பாராட்டினா உனக்குப் பொறுக்காதே!" என்று முட்களைச் சிலிர்த்துக்கொண்டு படுத்துவிட்டது வேலாண்டி. அதன் பிறகும் அந்தப் பக்கமாகப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு ஜன்னலைத் திறந்து காட்டிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் குடிக்க ஓடிய முயலைக்கூட விடவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியது. ஒரு நாள் அடுத்த குன்றில் மான் வீட்டில் காதுகுத்து. இரண்டும் காலையில் கிளம்பிப் போய், சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தன.

வாசல் கல் வைத்தது வைத்தபடி இருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. ஓரத்து முள் அதனிடத்தில் ஒழுங்காக நின்றது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கிழங்குக் குவியல் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

வேலாண்டி முதலில் என்ன சொன்னது தெரியுமா? சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

"பார்த்தியா அங்காயி! ஒரு முள்ளுகூட உடையலை! என் ஜன்னல்னா ஜன்னல்தான்!"

அங்காயி அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியது.

"இன்னும் கோடை பாதிகூடப் போகலையே. குட்டி பிறந்தா நான் என்னத்தைத் தின்னு அதுக்குப் பால் கொடுப்பேன்?"

அப்போதுதான் வேலாண்டிக்கு உறைத்தது. மனைவி அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன் மேலேயே கோபம் வந்தது. ஆனால் தன் மேல் வரும் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிக்கொண்டு குரங்கிடம் ஓடியது.

"டேய் குரங்கே! இறங்குடா கீழே! எங்கேடா என் கிழங்கு?"

குரங்கு கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. "என்ன கிழங்கு?"

"ஜன்னலைத் திறந்து எடுத்திருக்கே! மறுபடியும் சாத்தி, முள்ளை அதனிடத்துல வச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வந்திருக்கே!"

குரங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, நான் திருடமாட்டேன்னு சொன்னா நீ நம்பமாட்டே. சொல்லவும் இல்லை. ஆனா எங்க கூட்டத்துல எவனாவது திறந்ததைத் திரும்பச் சாத்திப் பார்த்திருக்கியா? நான் வந்திருந்தா உன் ஜன்னல் அந்த மரத்துல தொங்கிக்கிட்டு இருக்கும். பாதிக் கிழங்கைக் கடிச்சு முற்றமெல்லாம் துப்பியிருப்பேன். இது யாரோ ரொம்ப மரியாதைக்காரன் செஞ்ச வேலை."

வேலாண்டி திட்டிவிட்டுத் திரும்பி வந்து, குரங்கு சொன்னதை மனைவியிடம் சொன்னது. அங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"குரங்கு சொல்றது நியாயம்தான். சரி, அந்த முள்ளை யார் யாருக்குக் காட்டினீங்க?"

வேலாண்டி தலையைச் சொறிந்தது. "யாருக்குக் காட்டலைன்னு கேளு, சொல்லிடறேன்."

அங்காயிக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது. இந்த வாயை இனிமேல் மாற்ற முடியாது, அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தது.

மறுநாள் அது அரக்கைக் காய்ச்சி, அந்த ஓரத்து முள்ளை அசைக்க முடியாதபடி ஒட்டியது. ஜன்னலுக்கு இடப்பக்கத்தில், ஒரு கை மட்டும் நுழையும்படி சுவரில் சின்னதாக ஒரு துளை போட்டது. பிறகு வேலாண்டியைக் கூப்பிட்டுக் காதில் சொன்னது.

"ஏங்க, ரகசியத்தை மாத்திட்டேன். இப்ப அந்த முள்ளைத் தூக்கினா திறக்காது. இந்தத் துளைக்குள்ள கையை விட்டா உள்ளே ஒரு முள் தட்டுப்படும். அதைப் பிடிச்சு இழுத்தாத்தான் திறக்கும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது!"

"சேச்சே! பட்டும் புத்தி வராத ஆளா நான்?" என்றது வேலாண்டி.

பாவம், உண்மையிலேயே சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தது. குளத்தங்கரை வரைக்கும் வாயை இறுக மூடிக்கொண்டே போனது. அங்கே தண்ணீர் குடிக்க வாயைத் திறக்க வேண்டியிருந்தது. தண்ணீர் உள்ளே போவதற்கு முன்னால் ரகசியம் வெளியே வந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று காட்டுக்கோழியிடம் சொன்னது. "உனக்கு மட்டும்தான் சொல்றேன்" என்று முயலிடம் சொன்னது. திரும்பும் வழியில் மரநாய் எதிரே வந்தது.

"அண்ணே, கிழங்கு திருடு போயிடுச்சாமே! கேட்டதிலிருந்து எனக்குச் சோறே இறங்கலை" என்றது மரநாய். அன்றைக்கு அது தின்றது வேலாண்டி வீட்டு வள்ளிக்கிழங்கு. சோறு எப்படி இறங்கும்?

"கவலைப்படாதே தம்பி. இனிமே எவன் வந்தாலும் நடக்காது. ரகசியத்தையே மாத்தியாச்சு!"

"ஐயோ, என்கிட்ட சொல்லாதீங்க அண்ணே. எனக்கெதுக்கு அதெல்லாம்?"

சொல்லாதே என்றால் வேலாண்டிக்கு எப்படி இருக்கும்? துளையில் கை விடுவது முதல் முள்ளை இழுப்பது வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தது. மரநாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே கேட்டது.

"எந்தப் பக்கம் துளைன்னு சொன்னீங்க அண்ணே?"

"இடது பக்கம்!"

வேலாண்டி வீட்டுக்கு வந்ததும் முகத்தைப் பார்த்தே அங்காயிக்குப் புரிந்துவிட்டது. அது திட்டவில்லை. நேராகக் காட்டுக்கோழியிடம் போய், "நாளைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். பிரசவம் அங்கேதான். அவரும் கொண்டுவந்து விட வர்றாரு. வீடு பூட்டித்தான் கிடக்கும்" என்றது. அதற்குமேல் யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கக் கிளம்பின. குன்றைச் சுற்றிக்கொண்டு போய், தங்களுக்கு மட்டுமே தெரிந்த பின்பக்கப் பாறை இடுக்கு வழியாக மறுபடியும் வீட்டுக்குள் நுழைந்தன.

"அம்மா வீட்டுக்குன்னு சொன்னியே?" என்றது வேலாண்டி.

"பேசாம வாங்க."

"ஏன் இந்த அறைக்குப் போறோம்? ஏன் இருட்டுல உட்காரணும்? அங்காயி, உனக்கு உடம்புக்கு ஏதாவது..."

அங்காயி ஒரு பெரிய வள்ளிக்கிழங்கை எடுத்து அதன் வாயில் திணித்தது. "இதைக் கடிக்கவும் கூடாது, துப்பவும் கூடாது. அப்படியே வச்சிருங்க" என்றது. பிறகு தான் மட்டும் அந்தத் துளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாலை நேராக வைத்து உட்கார்ந்தது.

நடுப்பகல் ஆயிற்று. வெயிலுக்குப் பயந்து காடு முழுவதும் நிழல் தேடி ஒதுங்கியிருந்தது. வெளியே சருகு மெல்ல நொறுங்கும் சத்தம் கேட்டது. அங்காயிக்கு உள்ளூரப் பயம்தான். வயிற்றிலிருக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி அசையாமல் இருந்தது.

வந்தவர் முதலில் ஓரத்து முள்ளைத் தூக்கிப் பார்த்தார். அது வரவில்லை.

"அண்ணே சொன்னது சரிதான். மாத்திட்டாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது ஒரு மரியாதையான குரல்.

பிறகு இடப்பக்கத் துளைக்குள் ஒரு கை நுழைந்தது. இங்கே தடவியது, அங்கே தடவியது. ஒரு முள் தட்டுப்பட்டது.

"ஆ, இதுதான்!" என்று பிடித்து ஓர் இழு இழுத்தது.

அது அங்காயியின் வால்!

அங்காயி வாலைச் சிலிர்த்து ஒரு வீசு வீசியது. அவ்வளவுதான்!

"ஐயோ! அம்மா! அப்பா!"

காடே அதிர்ந்தது. கை முழுக்க முள். முட்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றதால் கையைத் துளையிலிருந்து வெளியே எடுக்கவும் முடியவில்லை. கத்தலைக் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். குரங்குதான் முதலில் வந்தது. ஜன்னலடியில் ஒரு கையைச் சுவருக்குள் விட்டுவிட்டு மறு கையால் கும்பிட்டபடி நின்றது மரநாய்.

அங்காயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. "யாரு, தம்பியா? வாங்க, வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க?"

"அண்ணி, நீங்க ஊருக்குப் போறதாச் சொன்னாங்க. ஜன்னலைச் சரியாச் சாத்தியிருக்கீங்களான்னு ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"திறந்து பார்த்தாத்தானே அது தெரியும், இல்லையா தம்பி?"

குரங்கு தரையில் உருண்டு உருண்டு சிரித்தது.

அங்காயி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கியது. பிடுங்கப் பிடுங்க உண்மை வந்தது. "கிழங்கு எங்கே?" என்று ஒரு முள். "ஆலமரப் பொந்துல, அண்ணி!" "எவ்வளவு தின்னே?" என்று இன்னொரு முள். "கொஞ்சம்... ஆ! இல்லை, நிறையவே!" "ஜன்னலை எப்படித் திறந்தே?" என்று மூன்றாவதைப் பிடித்தபோது, மரநாய்க்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"இவருதான் சொல்லிக் கொடுத்தாரு! என் கையைப் பிடிச்சுப் பழக்கிவிட்டாரு! காதைப் பொத்திக்கிட்டாலும் விடலை, சத்தம் போட்டுச் சொன்னாரு!"

எல்லாரும் வேலாண்டியைப் பார்த்தார்கள். அதன் வாயில் இன்னும் அந்த வள்ளிக்கிழங்கு இருந்தது. நல்ல வேளை, இல்லாவிட்டால் என்ன பேசுவது என்று அதற்குத் தெரிந்திருக்காது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

மரநாய், வீங்கிய கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆலமரப் பொந்திலிருந்த கிழங்கையெல்லாம் மறு கையால் சுமந்து வந்து சேர்த்தது. தின்றுவிட்ட கிழங்குக்குப் பதிலாக, வெகு தொலைவிலிருந்த ஆற்றங்கரை ஈரமண்ணில் தோண்டிக் கொண்டுவந்து நிரப்பியது. குரங்கு பக்கத்திலேயே உட்கார்ந்து, "மெதுவா வைங்க தம்பி, மரியாதையா வைங்க" என்று மேற்பார்வை பார்த்தது.

வேலாண்டி குரங்கிடம் போய், "தப்பாப் பேசிட்டேன்டா, மனசுல வச்சுக்காதே" என்றது.

"எனக்கு மனசுல எதுவும் நிக்காது அண்ணே. ஒரு பனங்கிழங்கு கொடு" என்றது குரங்கு.

எல்லாரும் போன பிறகு வேலாண்டி மனைவியிடம் மெதுவாகக் கேட்டது. "அங்காயி, அந்தத் துளையையும் அடைச்சுட்டே. முள்ளையும் ஒட்டிட்டே. அப்ப நிஜமாவே இந்த ஜன்னலை எப்படித்தான் திறக்கிறது?"

"திறக்கணுமா? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

வேலாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் திறந்திருந்தது, காற்று சிலுசிலுவென்று வந்தது.

கொஞ்ச நாளில் குட்டி பிறந்தது. கிழங்கு அறை நிறைந்திருந்ததால் அங்காயிக்கும் குறையில்லை, குட்டிக்கும் குறையில்லை. குட்டி நடக்கப் பழகியதும் அங்காயி அதை ஜன்னலிடம் கூட்டிப்போய், எப்படித் திறப்பது என்று காட்டிக் கொடுத்தது. "அப்பாகிட்ட சொல்லாதே" என்று காதில் சொல்லவும் மறக்கவில்லை.

குட்டியைப் பார்க்க வந்தவர்களை வேலாண்டி சும்மா விடுமா? கிழங்கு அறைக்குக் கூட்டிப்போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது.

"இந்த ஜன்னலை எவனாலேயும் திறக்க முடியாது. ஏன், எனக்கே தெரியாது!"

நீதி: ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுகிறவர், தம் வாய்க்கும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.